நேர்க்கொக்கி

எங்கள் வரிசையில் ஏழு வீடுகள். ஆளுக்கு ஓர் அறை, ஓர் அடுப்படி. பின்னால் ஏழு வீட்டுக்கும் பொதுவாக ஒரு முற்றம். எங்கள் வீட்டுக்கும் கம்பிக்காரர் வீட்டுக்கும் நடுவில் ஒரு செங்கல் கனம்தான் சுவர். அங்கே தட்டு விழுந்தால் இங்கே நாங்கள் குனிந்து தேடுவோம்.

கம்பிக்காரரின் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அக்கா முற்றத்தில் ரிங் வளைப்பாள். கான்கிரீட் தூணுக்குள் நெட்டுக்கு நிற்கிற கம்பிகளைச் சுற்றி, கீழிருந்து மேல்வரை அரை அடிக்கு ஒன்றாக மாட்டுகிற சதுர வளையம்தான் ரிங். தடித்த பலகை ஒன்றில் மூன்று இரும்பு முளைகள் அடித்திருக்கும். வெட்டிய கம்பியை முளைகளுக்கு நடுவே செருகி, சாவி என்கிற கை நீள இரும்புப் பிடியால் கவ்வி, தன் பக்கம் இழுப்பாள். ஒரு ரிங்குக்கு ஐந்து வளைப்பு. முதலில் ஒரு கொக்கி, பிறகு மூன்று மூலைகள், கடைசியில் இன்னொரு கொக்கி. ஒவ்வொரு வளைப்புக்கும் சாவி முளையில் இடிக்கும். ஐந்து சத்தம், பிறகு ரிங் குவியலில் விழுகிற சத்தம். பரீட்சைக்குப் படித்த காலத்தில் எனக்கு அதுதான் கடிகாரம். சத்தம் நின்றால் அக்கா தண்ணீர் குடிக்கப் போயிருக்கிறாள் என்று அர்த்தம்.

கம்பிக்காரருக்கு இடது கை வாட்டம். கட்டிட வேலையாட்கள் மத்தியில் அவர் பெயர் பீச்சாங்கை மேஸ்திரி. அவருக்கு அதில் வருத்தம் கிடையாது. கம்பிகள் சேருமிடத்தில் மெல்லிய கட்டுக்கம்பியைச் சுற்றிக் குறடால் முறுக்குவார்கள் இல்லையா, எல்லோரும் முறுக்குவது வலப்பக்கம், இவர் முறுக்குவது இடப்பக்கம். இவர் போட்ட முடிச்சை வேறு யாராவது அவிழ்க்கப் போனால் அது இன்னும் இறுகும். பீச்சாங்கை கட்டினதைப் பிரிக்க பீச்சாங்கையைத்தான் கூட்டிவர வேண்டும் என்று சொல்லிச் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார்.

நிலம் ஆடியது ஒரு முற்பகலில். நான் துணி அலசிக்கொண்டிருந்தேன். வாளித் தண்ணீர் ஒரு பக்கமாக ஏறி என் காலில் கொட்டியது. லாரி போகிறது என்று நினைத்தேன். இருபது எண்ணுவதற்குள் முடிந்துவிட்டது. எங்கள் வீடுகள் தாழ்ந்தவை, கொஞ்சம் சுண்ணாம்பு உதிர்ந்தது, அவ்வளவுதான். முற்றத்தில் அக்கா சாவியைப் பிடித்தபடியே நின்றிருந்தாள். பலகையிலிருந்த கம்பி மட்டும் இன்னும் அதிர்ந்துகொண்டிருந்தது.

இரண்டு தெரு தள்ளி ஒரு கட்டிடம் இருக்கிறது. நாங்கள் அஞ்சு மாடி என்போம். கீழ்த்தளம் முழுக்க வண்டி நிறுத்த விட்டிருப்பார்கள், சுவரே கிடையாது, பதினாறு தூண்கள் மட்டும். மேலே இருபது குடும்பங்கள். அது விழவில்லை. அலமாரி சரிந்து ஓர் அம்மாவின் கால்விரல் நசுங்கியதைத் தவிர யாருக்கும் ஒன்றுமில்லை. ஆனால் கீழே பின்வரிசையில் இரண்டு தூண்களின் அடியில் வெளிச் சிமெண்ட் பெயர்ந்து விழுந்து உள்ளே இரும்பு தெரிகிறது என்று மத்தியானத்துக்குள் செய்தி வந்துவிட்டது. இருபது குடும்பத்தையும் இறக்கிப் பள்ளிக்கூடக் கூடத்தில் தங்க வைத்தார்கள்.

அந்தக் கட்டிடத்துக்குக் கம்பி கட்டியவர் எங்கள் கம்பிக்காரர்தான். ஒன்பது வருடம் ஆகிறது.

மறுநாள் தெருவே பார்க்கப் போனது. நானும் போனேன். அக்கா தன் மகள் பாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தாள். பாப்பாவுக்கு ஒன்பது வயது. வழியெல்லாம் பள்ளிக்கூடம் எத்தனை நாள் இருக்காது என்று கேட்டுக்கொண்டே வந்தது.

கீழ்த்தளத்தில் இரும்பு ஜாக்கிகளை முட்டுக்கொடுத்து நிறுத்தியிருந்தார்கள். தலையில் மஞ்சள் தொப்பி, கையில் ஆம்பளைக் கடிகாரம் கட்டிய ஒரு பெண் குந்தி உட்கார்ந்து தூணைப் பார்த்துக்கொண்டிருந்தார். அரசாங்கத்திலிருந்து வந்த இன்ஜினியரம்மா. கம்பிக்காரரை ஏற்கெனவே ஆள் அனுப்பி வரவழைத்திருந்தார். கம்பிக்காரரும் குந்தினார்.

தூணின் அடியில் முழங்கால் உயரத்துக்குச் சிமெண்ட் இல்லை. நெட்டுக் கம்பிகள் லேசாக வெளியே வளைந்திருந்தன. அவற்றைச் சுற்றி இருக்கவேண்டிய ரிங், கொக்கி மாட்டிய மூலையில் திறந்துகொண்டு, வாய் பிளந்து நின்றது.

இன்ஜினியரம்மா விளக்கிச் சொன்னார். பக்கத்தில் நின்ற வீட்டுக்காரர்களுக்குத்தான் சொன்னார், ஆனால் எல்லோரும் கேட்டோம். காற்று கட்டிடத்தை வெளியிலிருந்து தள்ளுகிறது. ஒன்பது காற்றுக்காலம் இந்தக் கட்டிடம் தாங்கியிருக்கிறது, அதில் குறையில்லை. நிலநடுக்கம் அப்படி இல்லை. காலடியில் தரையை உருவுகிறது. மேலே இருக்கிற கனம் இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கிறது. எவ்வளவு கனமோ அவ்வளவு அடி. மேலே ஐந்து மாடியும் சுவர் வைத்த பெட்டி மாதிரி விறைப்பாக இருக்கிறது, கீழே கால்கள் மட்டும். ஆட்டம் முழுவதும் கால்களுக்குத்தான். அப்போது தூண் நசுங்கிப் பக்கவாட்டில் பருக்கப் பார்க்கும். அதைப் பருக்கவிடாமல் பிடிப்பதுதான் ரிங்கின் வேலை. ரிங்கின் இரண்டு கொக்கிகளும் தூணின் நடுவைப் பார்த்து உள்ளே மடங்கியிருந்தால், வெளிச் சிமெண்ட் உதிர்ந்தாலும் பிடி விடாது. வெறும் நேராக மடங்கியிருந்தால், உதிர்ந்த நிமிடம் பிடிக்க ஒன்றுமில்லை. பொத்தான் போன சட்டை மாதிரி திறந்துகொள்ளும்.

"படத்துல உள்கொக்கின்னுதான் போட்டிருக்கு. இது நேர்க்கொக்கி" என்றார் கம்பிக்காரரிடம். "எத்தனை தூண்ல இப்படி?"

கம்பிக்காரர் ரிங்கைத் தொட்டுப் பார்த்தார். கட்டுக்கம்பியின் முறுக்கைக் கட்டைவிரலால் தடவினார்.

"பின்வரிசை நான் கட்டலம்மா. என் மச்சினன் கட்டினது."

நான் அக்காவைப் பார்த்தேன். ஏன் பார்த்தேன் என்று தெரியாது. அவள் அந்த ரிங்கையே பார்த்துக்கொண்டு நின்றாள். முகத்தில் ஒன்றுமில்லை. பாப்பா கையை உருவிக்கொண்டு ஓடியதுகூட அவளுக்குத் தெரியவில்லை. விரல்கள் இன்னும் ஒரு கையைப் பிடித்திருப்பது போலவே மடங்கியிருந்தன.

இன்ஜினியரம்மாவிடம் ஒரு கருவி இருந்தது. தூண்மேல் வைத்து நகர்த்தினால் உள்ளே ரிங் எங்கெங்கே இருக்கிறது என்று சொல்லும். பதினாறு தூணிலும் வைத்துப் பார்த்துவிட்டார். கணக்கு சரி, இடைவெளி சரி. கொக்கி எப்படி மடங்கியிருக்கிறது என்று மட்டும் அதற்குத் தெரியாது. அதற்குத் தூணின் நாலு மூலையையும் உடைத்துப் பார்க்க வேண்டும். பதினாறையும் உடைத்து முடிப்பதற்குள் காற்றுக்காலம் வந்துவிடும். இன்னும் நாலு வாரம்தான். கால்களைத் திறந்து வைத்துக்கொண்டு அந்தக் காற்றின் முன்னால் கட்டிடத்தை நிறுத்த முடியாது. அதனால் எவை என்று தெரிந்து, அவற்றை மட்டும் திறந்து, புது ரிங் போட்டுத் தடிமன் ஏற்றி மூட வேண்டும். கட்டினவன் வந்து எழுதிக் கொடுக்கட்டும் என்றார். அதையே இன்னொரு தடவையும் சொன்னார்.

குருவி அன்று சாயங்காலமே வந்தான். அக்காவின் தம்பி. ஒல்லியாக இருப்பான், சாரமே இல்லாமல் மேலே ஏறுவான், அதனால் குருவி. கம்பிக்காரரிடம்தான் தொழில் கற்றான். இந்த வருடம்தான் தனியாக நாலு ஆட்களைச் சேர்த்துக்கொண்டு, ஒரு பள்ளிக்கூடக் கட்டிடத்துக்குக் கம்பி வேலை பேசி முடித்திருந்தான். அதை எங்களிடம் சொல்ல வந்த அன்று மட்டும் வாசல் வழியாக வந்தான். மற்ற நாளெல்லாம் முற்றத்துச் சுவரேறித்தான் வருவான்.

இந்தச் சாயங்காலமும் வாசல் வழியாகத்தான் வந்தான்.

கம்பிக்காரர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நாங்கள் காதைப் பொத்தியிருப்போம். மெதுவாகப் பேசினார், அதனால் எல்லாம் கேட்டது. உனக்குச் சாவி பிடிக்கச் சொல்லிக்கொடுத்தது யார் என்று கேட்டார். கொக்கி உள்ளே போகணும் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று கேட்டார். நேர்க்கொக்கி என்றால் மாட்டுவது சுலபம், சோம்பேறிக்கு அதுதான் தோது என்றார். இருபது குடும்பம் மேலே படுத்துத் தூங்கியிருக்கிறது என்றார். இதே கேள்விகளை வேறு வேறு வரிசையில் கேட்டார்.

கடைசியில், "யாருடா வளைச்சா அந்த ரிங்கெல்லாம்?" என்றார்.

சுவருக்கு அந்தப் பக்கம் அடுப்பில் எதுவோ பொங்கி வழிந்து சொய்யென்றது. யாரும் அதை இறக்கவில்லை.

"நான்தான் மாமா" என்றான் குருவி.

அதன்பிறகு ஒரு வாரம் முற்றத்தில் சாவிச் சத்தம் இல்லை. அக்கா காலையில் எழுந்து சோறாக்கினாள், பாத்திரம் கழுவினாள், துவைத்த துணியையே திரும்பவும் எடுத்துத் துவைத்தாள். ஒருநாள் நான் உப்பு வாங்கப் போனபோது, கொதிக்கிற பானையைத் துணியில்லாமல் வெறுங்கையால் பிடித்து இறக்கி வைத்தாள். நான் பதறிப்போய்க் கையைப் பிடித்தேன். அவள் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். சிவந்திருந்தது.

"தெரியல" என்றாள். "அன்னிலேருந்து இப்படித்தான் இருக்கு. மரத்துப்போச்சு."

எங்கள் அம்மா அதைக் கேட்டுவிட்டு, நில ஆட்டத்தில் பயந்திருப்பாள், நாலு நாள் தூங்கினால் சரியாகிவிடும் என்றாள்.

குருவி சொன்னதை வைத்து இன்ஜினியரம்மா எழுதி அனுப்பிய தாள் அதற்குள் வந்துவிட்டது. குருவி அதில் கையெழுத்துப் போட வேண்டும், தலைமை மேஸ்திரி என்ற முறையில் கம்பிக்காரரும் போட வேண்டும். கம்பிக்காரர் தாளை அலமாரியில் வைத்துவிட்டு வேலைக்குப் போயிருந்தார். அக்கா அதை எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியும். ஆனால் என்னிடம் நீட்டினாள்.

"கண்ணு எழுத்துல நிக்க மாட்டேங்குது. என்ன போட்டிருக்குன்னு பாரு."

நான் படித்தேன். கீழ்த்தளத்தின் பின்வரிசைத் தூண்கள் நான்கிலும் ரிங்குகளை வரைபடத்தில் உள்ளபடி மடக்காமல் நானே வளைத்து நானே கட்டினேன். மற்ற பன்னிரண்டு தூண்களிலும் அவ்வாறு இல்லை. கீழே குருவியின் பெயர்.

"நாலா?"

"நாலு."

"மாடிப்படிகிட்ட இருக்கிற ரெண்டு?"

"அது இதுல இல்லக்கா. மத்ததெல்லாம் சரியா இருக்குன்னு போட்டிருக்கு."

அக்கா பலகையின் ஓரத்தில் உட்கார்ந்தாள். முளைகளில் துரு படிந்திருந்தது. ஒரு வாரத்தில் அவ்வளவு துரு ஏறும் என்று நான் நினைத்ததில்லை. அவள் அதை நகத்தால் சுரண்டினாள். பிறகு சொன்னாள். என்னிடம் சொல்வது போல இல்லை. காய்கறி என்ன வாங்கினேன் என்று சொல்கிற குரல்.

"ஆறு தூணுக்கு நான் வளைச்சேன். குருவி வளைக்கல. அவனுக்கு அப்ப வளைக்கவே வராது. பாப்பா வயித்துல. எட்டு மாசம். சாவியை இழுத்தா வயிறு வரைக்கும்தான் வரும். வயித்துக்கிட்ட வந்து நின்னுரும். அங்க நின்னா நேர்க்கொக்கி. அதையும் தாண்டி இழுத்தாத்தான் கொக்கி உள்ள போகும். தாண்டி எங்க இழுக்கறது? உள்ள ஒரு ஆளு இருக்கே."

நான் தாளை மடியில் வைத்துக்கொண்டேன்.

"பக்கவாட்டுல நின்னு இழுத்துப் பார்த்தேன். இடுப்பு விட்டுப்போச்சு. அவரு வளைக்காத, ஆள் வெச்சுக்கலாம்னாரு. ஆளு வரல. நான் வளைச்சுக் கட்டுக்கட்டா போட்டேன். குருவி வந்து தூக்கிட்டுப் போனான். அவன் பார்த்தான். என்னக்கா இதுன்னு கேட்டான். போடா, எல்லாம் ஒண்ணுதான், கான்கிரீட்டு மூடிடும்னேன்."

"மாமாகிட்ட சொல்லலையா நீங்க?"

"சொல்லக் கூடாதுன்னு இல்ல. இந்த ஒரு வாரமா வாயைத் திறந்து திறந்து பார்க்கிறேன். வரல."

தாளை என்னிடமிருந்து வாங்கி மடித்தாள். மடித்ததையே திரும்பவும் மடித்தாள். குருவி தன் பெயரில் ஏற்றுக்கொண்டான், அதை அவள் சும்மா பார்த்துக்கொண்டு இருந்திருப்பாள் என்றுகூட எனக்குத் தோன்றியது. இந்த இரண்டு தூண்கள் மட்டும் இல்லாவிட்டால். அவன் நாலு என்று எழுதிக் கொடுத்தால் நாலைத்தான் திறப்பார்கள். மற்ற இரண்டும் அப்படியே இருக்கும். இருபது குடும்பமும் அவற்றின் நடுவே ஏறித்தான் வீட்டுக்குப் போக வேண்டும்.

"அவனுக்கு ஏன் தெரியல? அவன்தானே கட்டினான்" என்று கேட்டேன்.

"நாலுதான் அவன் கட்டினான். அஞ்சாவதைத் தொடறதுக்குள்ள எனக்கு வலி வந்திருச்சு. அவன்தான் ஆட்டோல போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். மீதிக் கட்டு ரெண்டும் அங்கயே கிடந்துச்சு." பிறகு, "அதை யாரு கட்டினாங்கன்னு எனக்குத் தெரியாது" என்றாள்.

அன்று மத்தியானம் கம்பிக்காரர் சாப்பிட வந்தபோது அக்கா சொல்லிவிட்டாள். நான் இந்தப் பக்கம் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன், முறத்தைக் கீழே வைத்துவிட்டேன். எனக்குச் சொன்ன அதே வார்த்தைகளில்தான் சொன்னாள். வயித்துக்கிட்ட வந்து நின்னுரும் என்ற இடத்தில் மட்டும் ஒரு தடவை நிறுத்தி, தண்ணீர் வேண்டுமா என்று அவரைக் கேட்டாள். அவர் வேண்டாம் என்றார்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"மாடிப்படி ரெண்டுலயும் அந்த ரிங்குதானா?"

"ஆமா."

தட்டில் கை கழுவுகிற சத்தம் கேட்டது. சோறு பாதிகூடக் குறைந்திருக்காது என்று சத்தத்திலேயே தெரிந்தது. அவர் அவளைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். குருவியிடம் பேசியதில் பாதியாவது பேசுவார் என்று நினைத்தேன். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். பாப்பா பள்ளிக்கூடம் விட்டு வந்து, அப்பா தட்டில் ஏன் சோறு இருக்கிறது என்று கேட்டது.

அடுத்த நாள் காலை அக்கா, கம்பிக்காரர், குருவி மூன்று பேரும் அஞ்சு மாடிக்குப் போனார்கள். அக்கா என்னையும் வரச் சொன்னாள். எழுதினதை யாராவது படித்துச் சொல்ல வேண்டும் என்றாள். உண்மையில் பக்கத்தில் ஒரு ஆள் இருந்தால் போதும் அவளுக்கு.

குருவி வழியெல்லாம் அவளோடு சண்டை போட்டான்.

"உன்னை யாருக்கா கேட்டா? நான்தான் எழுதித் தரேன்னு சொல்லிட்டேன்ல?"

"நாலுன்னு எழுதிட்டியே."

"ஆறுன்னு எழுதறேன். அம்புட்டுதானே. நீ எதுக்கு வர?"

"ஆறையும் நீ கட்டலயே."

"கட்டினேன்னு சொல்லிட்டா போச்சு. அந்தம்மா என்ன, முடிச்சுல என் போட்டோவா ஒட்டியிருக்குன்னு பார்க்கப் போவுது?"

கம்பிக்காரர் முன்னால் நடந்துகொண்டிருந்தார். அவர் நடை ஒரு நொடி தடுமாறியது போல இருந்தது. கல் தடுக்கியிருக்கலாம்.

இன்ஜினியரம்மா அக்கா சொன்னதை முழுக்கக் கேட்டார். நடுவில் குறுக்கிடவில்லை. எட்டாம் மாதத்தில் இந்த வேலை செய்தாயா என்று கேட்பார் என்று நினைத்தேன். அவர் கேட்டது சாவியின் நீளம். அக்கா கையால் காட்டினாள். அவர் எழுதிக்கொண்டார். பிறகு அக்கா தன் வயிற்றின் முன்னால் காற்றில் சாவியைப் பிடித்து இழுத்து, எங்கே நின்றது என்று காட்டினாள். தட்டையான வயிற்றுக்கு ஒரு முழம் முன்னால் அவள் கை நின்றது. இன்ஜினியரம்மா அந்த இடைவெளியையும் ஒரு நிமிடம் பார்த்தார், அதை எழுதிக்கொள்ளவில்லை.

மாடிப்படித் தூண்களில் முதலாவதை உடைக்கச் சொன்னார். ஜாக்கி நெருக்கி வைத்து, ஒருவன் உளி வைத்து மூலையைக் கொத்தினான். சிமெண்ட் நல்ல சிமெண்ட். லேசில் விடவில்லை. தூசி எல்லோர் புருவத்திலும் படிந்து, ஒரே நேரத்தில் எல்லோருக்கும் நரைத்துவிட்ட மாதிரி இருந்தது. மூன்றாவது மூலையில் கொக்கி தெரிந்தது. நேர்க்கொக்கி.

அவன் தூரிகையால் தூசியைத் தட்டினான். ரிங்கும் நெட்டுக்கம்பியும் சேருமிடத்தில் முடிச்சு தெரிந்தது. அவன் அதைக் குறடால் பிடித்து விலக்கப் பார்த்தான். முறுக்கினான். முடிச்சு அவிழவில்லை, இன்னும் இறுகியது. அவன் குறடைத் திருப்பிப் பிடித்துப் பார்த்தான்.

"என்ன இது, ஏறுமாறா கட்டியிருக்கு" என்றான்.

மேலே ஏதோ ஒரு வீட்டில் சாத்தாமல் விட்ட ஜன்னல் காற்றில் அடித்துக்கொண்டது.

"இதைக் கட்டினது யாரு?" இன்ஜினியரம்மா குருவியைப் பார்த்துத்தான் கேட்டார்.

"நான்தாம்மா" என்றான் குருவி.

"இல்ல" என்றார் கம்பிக்காரர். "அது என் முடிச்சு."

அவர் இடது கையை நீட்டி உளிக்காரனிடமிருந்து குறடை வாங்கினார். தூணருகே குந்தி, முடிச்சைப் பிடித்து எதிர்ப்பக்கம் திருப்பினார். இரண்டு சுற்று அவிழ்ந்தது. மூன்றாவதில் கட்டுக்கம்பி ஒடிந்து கையோடு வந்தது.

"கட்டும்போது கொக்கி கண்ணுல படலையா?" என்றார் இன்ஜினியரம்மா.

"பட்டுச்சு."

கம்பிக்காரர் குறடைத் தரையில் வைத்தார்.

"காலைல கான்கிரீட்டு வருது. ரெண்டு தூண் பாக்கி. ஆஸ்பத்திரிலேருந்து ஆளு வந்து நிக்கிறான், உங்க வீட்டம்மாவுக்குப் பொண்ணு பொறந்திருக்கு, வாங்கன்னு. அறுபது ரிங்கையும் மறுபடி வளைக்கணும்னா விடிஞ்சிரும். நின்னுக்கும்னு நினைச்சேன்."

"ஒன்பது வருஷம் நின்னுச்சு."

"காத்துக்கு நின்னுச்சும்மா" என்றார் கம்பிக்காரர்.

அக்கா அவரைப் பார்க்கவில்லை. தரையில் விழுந்து கிடந்த கட்டுக்கம்பித் துண்டைப் பார்த்தாள். அன்று ஆஸ்பத்திரியில் அவர் பாப்பாவை வாங்கியபோது கையெல்லாம் துருவாக இருந்தது, வெள்ளைத் துணியில் ஐந்து விரலும் பதிந்துவிட்டது, நர்ஸ் திட்டினாள் என்று அக்கா பல தடவை சொல்லியிருக்கிறாள். சிரிப்புக்காகச் சொல்கிற கதை அது. அவ்வளவு அவசரமாக ஓடிவந்தார் என்று முடிப்பாள்.

இன்ஜினியரம்மா பழைய தாளை நாலாகக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டு புதிதாக எழுதினார். ஆறு தூண்கள். வளைத்தவர், கட்டியவர்கள், பார்த்தும் விட்டவர். நான் படித்துக் காட்டினேன். மூவரும் கையெழுத்துப் போட்டார்கள். கம்பிக்காரர் இடது கையால் போட்டதால் மை அழிந்து உள்ளங்கையில் ஒட்டியது. பழுதுவேலையை வேறு ஆட்கள்தான் செய்வார்கள், இந்தத் தாள் மேலே போகும், அதன்பிறகு தூண் வேலை யார் யாருக்குத் தருவார்கள் என்பது தன் கையில் இல்லை என்றார் இன்ஜினியரம்மா. குருவி தலையாட்டினான். பள்ளிக்கூட வேலை என்ன ஆகும் என்று அவன் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

கிளம்பும்போது அக்காவைக் கூப்பிட்டார்.

"எனக்கு ரெண்டு ரிங் வேணும். அப்ப வளைச்ச மாதிரி ஒண்ணு. சரியா ஒண்ணு. புதுசா வர்ற ஆளுங்ககிட்ட கையில கொடுத்துக் காட்டணும். வாயால சொன்னா மறந்துடறாங்க."

திரும்பும்போது குருவி எங்களோடு வரவில்லை. தெருமுனையில் நின்று, "வரேன் மாமா" என்றான். கம்பிக்காரர் எதுவோ சொல்ல வாயெடுத்தார். அந்த வாரம் அவர் அவனிடம் கேட்ட கேள்விகள் அத்தனையும் எனக்கு ஞாபகம் இருந்தது. அவருக்கும் இருந்திருக்கும்.

"சாப்பிட்டுப் போடா" என்றார்.

"இல்ல மாமா. வேலைக்குச் சேர்த்த பசங்களைப் பார்த்துச் சொல்லணும்."

சாயங்காலம் நான் முற்றத்தில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். காற்று கிளம்பியிருந்தது. கொடி முழுக்கத் துணிகள் ஒரே பக்கமாகச் சாய்ந்து நின்றன. கம்பிக்காரர் பலகையை இழுத்துப் போட்டு, முளைகளின் துருவைத் துடைத்து, இரண்டு கம்பிகள் வெட்டி வைத்தார். பாப்பா எதிரே உட்கார்ந்து வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தது. அக்கா வந்து சாவியை எடுத்தாள்.

முதல் ரிங்குக்கு அதிக நேரம் ஆகவில்லை. ஐந்து சத்தம். நேர்க்கொக்கி. தரையில் வைத்தாள்.

இரண்டாவது கம்பியைச் செருகினாள். முதல் கொக்கிக்குச் சாவியை இழுத்தாள். வயிற்றுக்கு ஒரு முழம் முன்னால் கை நின்றது. அவள் குனிந்து பார்த்தாள். முன்னால் ஒன்றும் இல்லை. இந்த ஒன்பது வருடத்தில் எத்தனை ஆயிரம் ரிங் வளைத்திருப்பாள், எல்லாவற்றிலும் தாண்டி இழுத்தவள்தான். அன்று கை நகரவில்லை.

பாப்பா வாய்ப்பாட்டை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தது.

கம்பிக்காரர் எழுந்து போய் அவள் பின்னால் நின்றார். சாவியில் அவள் கைக்கு மேல் தன் இடது கையை வைத்தார். இழுக்கவில்லை, வைத்தார், அவ்வளவுதான்.

நான் துணிகளை அள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன். மடித்து வைத்துக்கொண்டே காது கொடுத்திருந்தேன். முதல் சத்தம் வர வெகுநேரம் ஆயிற்று. பிறகு மூலைகள், ஒன்று, இரண்டு, மூன்று. ஐந்தாவது வந்தபோது பாப்பா விட்ட இடத்திலிருந்து வாய்ப்பாட்டைத் தொடர்ந்தது.